மறு: புரவி எடுப்பு நிதி – சிமெண்டுக் குதிரைக்கு என் பங்கு இல்லை

நம் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

அய்யனாருக்குக் குதிரை செய்து தூக்கிப் போய் வைக்கும் புரவி எடுப்புக்கு, இம்முறை மண் குதிரைக்குப் பதில் 20 அடிச் சிமெண்டுக் குதிரை என்ற சங்கத் தீர்மானத்தைச் சொல்லி, குடும்பத்துக்கு 10,000 ரூபாய் கேட்டுப் பொருளாளர் அண்ணன் அனுப்பிய மடலுக்கு நான் ஒரு வாரமாகப் பதில் எழுதவில்லை. பணத் தட்டுப்பாடு அதற்குக் காரணமன்று. மாசி மகத்துக்கு ஊருக்குப் போயிருந்த என் சின்ன அத்தை, அய்யனார் திடலின் கிழக்கோரத்தில் பழைய மண் குதிரைகள் நின்ற இடத்தை ஜேசிபி வைத்துச் சமன் செய்துவிட்டார்கள் என்றும், உடைந்த கால்களும் கழுத்துகளும் புதுப் பாதைக்கு அடியில் கொட்டப்பட்டுக் கிடக்கின்றன என்றும் தொலைபேசியில் சொன்னார். கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு எழுதக் கூடாது என்று படம் கேட்டேன். நேற்று வந்தது. டயர் தடத்துக்கு நடுவில் சலங்கை மணிகள் ஒட்டிய ஒரு மார்புத் துண்டு மல்லாந்து கிடக்கிறது.

அந்த இடத்தில்தான் 20 அடிச் சிமெண்டுக் குதிரை நிற்கப்போகிறது என்பது தீர்மானத்தில் இல்லை. கேட்காமலே தெரிகிறது.

சிங்கப்பூர்ச் சித்தப்பா, உயரமான குதிரை இல்லாமல் பக்கத்து ஊர்க்காரர்கள் முன் நமக்குத் தலைகுனிவு என்று எழுதியிருந்தீர்கள். குளமங்கலத்துப் பெரிய குதிரைக்கு மாசி மகத்தன்று காகிதப்பூ மாலை மலைபோல் குவிவதை நானும் பார்த்துக் கைகூப்பியிருக்கிறேன். அது அந்த ஊரின் வழக்கம். நம் ஊருக்கு உயரம் எப்போதும் பெருமையாக இருந்ததில்லை. டெல்லியில் கைவினை அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள், அங்கே வெட்டவெளியில் நிற்கும் அய்யனார் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். நாட்டின் தலைநகரில் அருங்காட்சியகம் அமைத்தவர்கள் புதுக்கோட்டைச் சீமைக்காரன் சிமெண்டில் என்ன செய்கிறான் என்று தேடி வரவில்லை. மண்ணில் என்ன செய்கிறான் என்றுதான் பார்த்தார்கள். புதுச்சேரி வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்யும் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்ததும், மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தந்த மண்ணையும் அதில் பழகிய கையையும் மதித்துத்தான். பெருமைதான் வேண்டுமென்றால் அது நம் கண்மாய் மண்ணில் கிடக்கிறது.

துபாய், குவைத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். நம் ஊரில் புரவி எடுப்பு, குதிரையைத் தூக்கிப் போகும் நாளில் தொடங்குவதில்லை. அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஊரார் கூடி, கோயில் திடலில் ஒரு பிடி மண் எடுத்து, வெற்றிலை பாக்கோடு, குதிரை செய்யும் குயவரான வேளார் கையில் கொடுப்பதில் தொடங்குகிறது. அந்தப் பிடிமண்ணை அவர் தம் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்த பிறகுதான் வேலையில் கை வைப்பார். அய்யனார் நிற்கிற இடத்து மண்ணே குதிரையாகித் திரும்ப அய்யனாரிடம் வந்து சேர்கிறது. வெளியூர் ஒப்பந்தக்காரரின் சிமெண்டுக் கலவையில் அந்தப் பிடிமண்ணை எங்கே போடுவதாக உத்தேசம் என்பதைக் குழுவினர் எனக்கு விளக்க வேண்டும்.

களிமண்ணையும் கண்ட இடத்தில் வெட்டிவிட முடியாது. கண்மாய் நிரம்பி வழியும் கலிங்குப் பக்கத்து மண்ணில் சரளை அதிகம். கண்மாயின் நடு உள்வாய் மண் அளவுக்கு மீறிப் பிசுபிசுத்து, காயும்போது சுருங்கி வெடிக்கும். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் பழைய மடைக்கு முன்னால் அரை ஆள் ஆழத்தில் வருகிற மண்ணைத்தான் வேளார் தாத்தா தொடுவார். அதையும் உடனே அள்ளிவிட மாட்டார். ஒரு துளி எடுத்துக் கயிறுபோல் உருட்டி ஆள்காட்டி விரலில் மோதிரமாகச் சுற்றுவார். விரிசல் விழாமல் வளைந்தால்தான் கூடை இறங்கும். பிறகு ஊறவைத்து, கல் பொறுக்கி, காலால் மிதித்து, மணலும் உமியும் சேர்ப்பார். மணல் சுருக்கத்தைக் குறைக்கிறது. உமி சூளையில் எரிந்துபோய்ச் சிறு சிறு துளைகளை விடுகிறது. தடித்த சுவருக்குள் மிஞ்சியிருக்கும் ஈரம் ஆவியாகி அவற்றின் வழியே வெளியேறுவதால் குதிரை வெடிப்பதில்லை. இதை எந்தப் பாடப்புத்தகமும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கால்கள் நான்கும் சக்கரத்தில் குழாயாக எழும். உடம்புக்குச் சக்கரம் உதவாது. உள்ளே ஒரு கையில் உருண்டைக் கல்லை அணைத்துப் பிடித்து, வெளியே மறு கையில் பலகையால் தட்டித் தட்டி, ஒரு சாணுக்கு ஒரு சாணாக வளர்க்க வேண்டும். கீழ்ச்சுற்று இறுகாமல் மேல்சுற்றை ஏற்றினால் மொத்தமும் வயிற்றோடு உட்கார்ந்துவிடும். ஆகவே அவசரப்படுத்த முடியாத வேலை இது; கண்மாய் வற்றியிருக்கவும், வெயில் நிலைக்கவும், சூளை நாளில் மழை வராமலும் இருக்க வேண்டிய வேலை. மிகப் பெரிய குதிரைகளைக் கோயிலடியிலேயே எழுப்பி, நின்ற இடத்திலேயே வைக்கோலும் வரட்டியும் விறகும் அடுக்கிச் சுடுகிற வழக்கமும் நம் சீமையில் உண்டு. பாண்டிச்சேரியில் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் மண்கலைக் கூடத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ரே மீக்கர், பச்சை மண் செங்கல்லால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டார் என்று படித்தபோது எனக்கு வேளார் தாத்தாவின் நினைவுதான் வந்தது.

பிள்ளைப் பிராயத்தில் நான் பொறுக்கி வைத்த ஒரு குதிரைக் காது இன்னும் என்னிடம் இருக்கிறது. உடைந்த விளிம்பில் வெளிப்புறம் செம்மை. நடுவில் நெருப்பு முழுதாகப் போய்ச் சேராத இடத்தில் கரிக்கோடு போல ஒரு கறுப்பு. அந்தக் கறுப்பில் படகு வடிவில் நுண்ணிய குழிகள். உற்றுப் பார்த்தால் உமியின் வரிகூடத் தெரிகிறது. கீழவயல் நெல்லின் உமிதான் அது; வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

இனிக் கணக்கு. மஸ்கட் மாப்பிள்ளை மூன்று மடல்களில் சமுதாயக் கூடத்துத் தகரக் கொட்டகையின் 18,450 ரூபாயைப் பற்றியே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் போன புரவி எடுப்பில் வேளார் வீட்டுக்குத் தர வேண்டிய கூலியில் பாதி இன்றுவரை போய்ச் சேரவில்லை என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் வாய் திறந்து கேட்க மாட்டார் என்பது நம் எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது. 'இப்போது மண் வேலைக்கு ஆள் இல்லை' என்று தீர்மானத்தில் எழுதியவர்கள், அவருடைய மகன் ஏன் திருப்பூருக்கு வண்டி ஏறினான் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

சிமெண்டு என்றால் ஒரே செலவோடு தலைமுறைக்கும் நிற்கும் என்கிறார் பொருளாளர் அண்ணன். உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும், வண்ணம் நாலைந்து வருடத்தில் உரியும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிலையாக நின்றுவிட்டால் அடுத்த பிடிமண் எதற்கு? மண் குதிரை சில பத்தாண்டில் உதிர்ந்து அந்தத் திடலிலேயே கலப்பதால்தான் ஊர் மறுபடி கூடுகிறது, வேளாருக்கு மறுபடி மரியாதை நடக்கிறது, நாமும் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். உதிர்ந்ததை யாரும் அள்ளிக் கொட்டியதில்லை, இந்த மாசி வரைக்கும்.

கண்மாயில் மண் எடுக்க அனுமதி கிடைக்காது என்ற காரணமும் செல்லாது. மண்பாண்டத் தொழிலாளர்கள் நீர்நிலைகளில் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-இல் அரசு எளிமைப்படுத்திவிட்டது. முன்போல் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. விண்ணப்பத்தை வேளார் தாத்தா பெயரில் எழுதிக் கொடுக்க ஊரில் இருக்கும் ஒருவர் ஒரு காலைப் பொழுதைச் செலவிட்டால் போதும்.

எனவே என்னுடைய 10,000 சங்கக் கணக்குக்கு வராது. பழைய பாக்கியில் என் பங்காக அதைச் சின்ன அத்தை மூலம் வேளார் வீட்டில் கொடுத்து ரசீது வாங்கி இங்கே இணைப்பேன், மாப்பிள்ளை சரிபார்த்துக்கொள்ளலாம். தீர்மானத்தைத் திரும்பப் பெற்று இரண்டு மண் குதிரைகள் என்று மாற்றினால் இன்னொரு 20,000 தருகிறேன். மடையடியில் முழங்காலளவுத் தண்ணீர்தான் கிடக்கிறதாம். பங்குனி முடிவதற்குள் பிடிமண் கொடுத்தால் சித்திரையில் மண் வெட்டி, ஆனியில் குதிரை எடுத்துவிடலாம். அந்தத் தாத்தாவுக்கு வயது எழுபத்தெட்டு.

இப்படிக்கு,
மேலத்தெரு பெரிய வீட்டு இளைய மகள்

பி.கு.: சின்ன அத்தை அனுப்பிய இன்னொரு படத்தில், நம் சங்க நிர்வாகி ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் முழுதாக ஒரு குதிரைத் தலை அலங்காரமாக வைக்கப்பட்டிருக்கிறது. யார் வீடு என்று எழுதி இந்தக் குழுவில் இன்னொரு சண்டையைத் தொடங்க எனக்கு விருப்பமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அது திடலுக்குப் போய்விடட்டும்.