பழைய ஜாவா, பழைய பைத்தான்: இந்த நிரல்மொழிகளின் பழைய பதிப்புகளுக்கு ஆதரவு நின்றபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது?

சர்வர் நிர்வாகி, கோவை:
நிரல்களைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் மென்பொருளான ஜெங்கின்ஸின் 2.361.1 பதிப்பு 2022 செப்டம்பரில் வந்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் ஜாவா 8ஐக் கைவிட்டு ஜாவா 11ஐக் கட்டாயமாக்கியது அதுதான். அறிவிப்பை முன்பே படித்திருந்தேன். முதன்மைச் சர்வரில் ஜாவா 11 நிறுவி, சனிக்கிழமை இரவு மேம்படுத்தினேன். உள்நுழைவுப் பக்கம் ஒழுங்காகத் திறந்தது, படுக்கப் போய்விட்டேன்.

திங்கள் காலை வேலைகள் வரிசையில் தேங்கிக் கிடந்தன. அந்த வேலைகளைச் செய்யும் துணைக் கணினிகளான ஆறு ஏஜென்ட்களில் இரண்டு இணையவே இல்லை. லாக் கோப்பில் ஒரே புகார்: இந்த நிரல் 55.0க்குத் தொகுக்கப்பட்டது, இங்குள்ள ஜாவாவுக்கு 52.0 வரைதான் புரியும். 55 என்பது ஜாவா 11, 52 என்பது ஜாவா 8. முதன்மைச் சர்வர் அனுப்பும் சிறு நிரல்தான் ஏஜென்டிலும் ஓடுகிறது. அதற்கும் ஜாவா 11 வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அந்த இரண்டிலும் தொகுக்கப்படும் சம்பளக் கணக்கு நிரலுக்கோ ஜாவா 8தான் தேவை. ஒரே கணினியில் இரண்டையும் வைத்தேன். ஏஜென்ட் 11இல் ஓடும், தொகுப்பு வேலை 8இல் நடக்கும். இதைக் கண்டுபிடிக்க மாலை ஆகிவிட்டது.

கல்லூரி நூலகத்தில் பணிபுரிபவர், மதுரை:
உங்களுக்கு 55 என்றால் எனக்கு 15. எங்கள் நூல் பட்டியல், பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவின் 1.11 பதிப்பில் இருந்தது. பைத்தான் 2இல் ஓடிய கடைசி ஜாங்கோ அது. 2017 டிசம்பரில் வந்த 2.0 பைத்தான் 3இல் மட்டுமே ஓடும். 1.11க்கான ஆதரவும் 2020 ஏப்ரலில் முடிந்தபின் வேறு வழியில்லாமல் மாறினோம்.

பைத்தான் 2இல் "தமிழ்" என்ற சரத்தின் நீளத்தைக் கேட்டால் 15 என்று வரும், அது எழுத்துக் கணக்கல்ல, சேமிப்பு அலகான பைட்டின் கணக்கு. நீண்ட தலைப்புகளை 20 பைட்டில் வெட்டும் ஒரு வரி எங்கள் நிரலில் இருந்தது. எழுத்தின் நடுவில் வெட்டு விழுந்து, தலைப்பின் நுனியில் கேள்விக்குறிக் கட்டம் தெரியும். ஆண்டுக்கணக்கில் எழுத்துருவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பைத்தான் 3 அதே சொல்லுக்கு 5 (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி) என்றது. கட்டங்கள் மறைந்தன. கட்டாயப்படுத்தியிருக்காவிட்டால் அந்தப் பிழை இன்றும் இருந்திருக்கும்.

கட்டற்ற மென்பொருள் பராமரிப்பாளர், சென்னை:
மறுபக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். கோப்புப் பகிர்வுக்கான சிறிய சர்வர் ஒன்றை மாலை நேரங்களில் பராமரிக்கிறேன். பைத்தான் 2.7க்கும் 3க்கும் சேர்த்து எழுதும்போது ஒவ்வொரு திருத்தத்தையும் இருமுறை சோதிக்க வேண்டும். என் சர்வர் சார்ந்திருந்த நிரல் நூலகம் ஒன்று பாதுகாப்புத் திருத்தத்தைப் புதிய பைத்தானுக்கு மட்டுமே தந்தபோதுதான் 2.7ஐ விட முடிவு செய்தேன்.

ஆனால் குறைந்தபட்ச பைத்தான் பதிப்பைக் குறிக்கும் வரியைத் தொகுப்பில் சேர்க்க மறந்துவிட்டேன். அது இருந்தால் பழைய பைத்தான் வைத்திருப்பவருக்கு, பைத்தான் நிரல்களை நிறுவும் கருவியான பிப் தானாகவே பொருந்தும் பழைய வெளியீட்டைக் கொடுக்கும். இல்லாததால் புதியது இறங்கி, தொடக்கத்திலேயே தொடரியல் பிழையோடு நின்றது. இரவோடு இரவாக வெளியீட்டைத் திரும்பப் பெற்றேன். இப்போது பழைய கிளைக்கும் ஆறு மாதம் பாதுகாப்புத் திருத்தம் தருகிறேன். அதைப் பயன்படுத்துபவர்களை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

சர்வர் நிர்வாகி, கோவை:
2024 அக்டோபரில் ஜெங்கின்ஸ் 2.479.1 ஜாவா 17ஐக் கேட்டது. இம்முறை முதலில் ஆறு ஏஜென்ட்களிலும் ஜாவாவின் பதிப்பைப் பார்த்தேன். ஒன்றில் 11 இருந்தது. முதன்மைச் சர்வரைத் தொடுவதற்கு முன்பே அதை மாற்றிவிட்டேன்.