அசைபோடும் வயிற்றுக்குள் கை விட்டவங்க இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

செங்காங் ரவி:
பிரிஸ்பேன்ல படிச்சப்ப நடந்தது, இன்னும் மனசுல ஓடுது. இரைப்பைக்குள்ள கை விட இடப்பக்க விலாவுல ஓட்டை போட்டு ரப்பர் மூடி வச்ச மாடு, தெரியும்ல. தோள் வரைக்கும் கையுறை போட்டு உள்ள விட்டேன். 39 டிகிரி சூடு. மேல புல்லு மெத்தையா நிக்குது, கீழ கஞ்சி மாதிரி தண்ணி. திடீர்னு இரைப்பை சுருங்கி முழங்கையைக் கவ்வுச்சு பாருங்க! மாடு அது பாட்டுக்குத் தீவனம் தின்னுக்கிட்டு நிக்குது. இங்க இப்படி மாட்டு வயித்துக் கிருமிகளை ஆராயுற வேலை பாக்குறவங்க யாராவது?

கலா, புவன விஸ்தா:
எனக்கு ஆடு. ஆக்சிஜன் படாம கிருமி வளர்க்குற ஹங்கேட் முறைதான். கார்பன் டை ஆக்சைடு ஊதி, மிச்ச ஆக்சிஜனைப் போக்க சிஸ்டீன் போட்டு, ஆக்சிஜன் இருந்தா ரோஸ் ஆகுற ரெசசுரின் சாயத்தோட நிறம் போற வரைக்கும் காத்திருந்தேன். பாதியில சிலிண்டர் காலி. சப்ளையர் நாளைக்குத்தான்னுட்டாரு. குழாயோட மேல்விளிம்புல மெல்லிசா ஒரு ரோஸ் வளையம் வந்துச்சு. அப்புறம் மெதுவா கீழ இறங்குச்சு. ஆக்சிஜன்! லிம் சூ காங் பக்கத்துலேருந்து வந்த ஆட்டு இரைப்பைச் சாறு பிளாஸ்க்குல சும்மா கிடக்கு. ஒரே கடுப்பு லா.

ஜூரோங் குமார்:
கலா, இன்னுமா குழாய் உருட்டுறீங்க? டிஎன்ஏ எடுத்து, எந்தெந்த பாக்டீரியா இருக்குன்னு காட்டுற 16எஸ் மரபணுவைப் பாத்தா முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, குட்டி மணிகளைப் போட்டு நல்லா அடிச்சு உடைங்க. கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்குச் சுவர் தடிமன், உடையலன்னா கணக்குலயே வராது. வாய் வழியா டியூப் விட்டு எடுத்தா முதல்ல வர்றதைக் கொட்டிருங்க, எச்சில் கலந்திருக்கும். தீவனம் வச்சு எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு ஒவ்வொரு பாட்டில்லயும் எழுதுங்க. எடுத்த உடனே திரவ நைட்ரஜன்ல உறைய வைங்க. என் அனுபவமா? எங்க லேப்ல ஃப்ரீசர் ஒரு தடவை நின்னுபோச்சு.

கலா, புவன விஸ்தா:
குமார், அறிவுரை கேட்டேனா? 16எஸ் யார் இருக்கான்னு சொல்லும், எதைத் தின்னு என்ன விடுதுன்னு சொல்லாது. பூஞ்சையும், புரோட்டோசோவாங்கிற ஒருசெல் உயிரிகளும் அதுல சிக்கவே சிக்காது. அசைபோடுற விலங்குகளோட வயித்துக் கிருமிகளுக்காக 2018-ல வந்த ஹங்கேட்1000 தொகுப்புல 501 ஜீனோம், எல்லாம் வளர்த்து எடுத்த கிருமிகளோடதுதான். வால் வச்சு நீந்துறதெல்லாம் புரோட்டோசோவான்னு நம்பிக்கிட்டிருந்தாங்க. அதுல சிலது பூஞ்சையோட வித்துன்னு 1975-ல ஆர்பின்ங்கிற ஆய்வாளர் காட்டினாரே, அதுவும் வளர்த்துப் பாத்துத்தான்.

தேக்கா மணி:
சண்டையை விடுங்க. நான் மைக்ரோஸ்கோப் ஆளு. பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவுல கட்டுற மாட்டைப் பாத்தாலே எனக்கு அது வயித்துல இருக்குற எண்டோடினியம்ங்கிற புரோட்டோசோவா ஞாபகம்தான் வரும், வீட்ல திட்டுவாங்க. ஒரு சொட்டு சாறுல அதுங்க முட்டி மோதிக்கிட்டு ஓடும். சிலது வயித்துல மாவுத் துகளோட. நம்ம லேப் ஏர்கான் குளிருக்குக் கண்ணாடித் தகடு ஆறினதும் ஒண்ணொண்ணா நின்னுரும், எண்ணி முடிக்கவே விடாது. தகட்டைச் சூடா வச்சிருக்கிற மைக்ரோஸ்கோப் சூடு மேடை யாருகிட்டயாவது சும்மா கிடந்தா இரவல் தாங்களேன், நானே வந்து வாங்கிக்கிறேன். கலாக்கா, உங்ககிட்ட இருக்கா?