தங்கவயல் சுரங்கத்தில் பேய்: சிறுவர் நாவலில் அறிவியல் சொன்னதும் பயம் போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

கூழாங்கல்:
10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கான திகில் அறிவியல் நாவல். களம் கோலார் தங்கவயல். மூடிக்கிடக்கும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் மூன்று பிள்ளைகள் 2 கிலோமீட்டர் இறங்கிப் பழைய நியூட்ரினோ (எதையும் துளைத்துப் போகும் நுண்துகள்) ஆய்வுக்கூடத்தை அடைகிறார்கள். அங்கே ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது. இறங்கும்வரை கதை ஓடுகிறது, அப்புறம் படுத்துவிடுகிறது. காரணத்தை விளக்கியதும் பயமும் காலி. எங்கே கை வைப்பது?

கருங்கல்:
இறங்குவதையே எடுத்துவிடுங்கள். 2001 பிப்ரவரியில் மூடி, பம்புகளும் நின்றபின் கீழ்த்தளங்களெல்லாம் தண்ணீர். ஆட்களை இறக்கும் கூண்டை இழுக்க ஆளும் இல்லை, மின்சாரமும் இல்லை. 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. அடியில் பாறைச் சூடே 60 டிகிரிக்கு மேல். 12 வயதுப் பையன் கயிறு கட்டி இறங்கினான் என்றால் அந்த ஊர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

மலைச்சரிவில் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய குறுக்குச் சுரங்கம் போதும். காற்றோட்டமில்லாத இடத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 16 வாக்கில் இறங்கினால் மண்ணெண்ணெய் விளக்கு அணைந்துவிடும். ஆள் நின்றுகொண்டுதான் இருப்பான், மூச்சு மட்டும் வாங்கும். துளிக்காற்றில்லாமல் சுடர் சிறுத்துச் செத்துப்போவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். எல்.இ.டி. டார்ச் இந்த எச்சரிக்கையைத் தராது. அதனால் ஒருத்தி தாத்தாவின் விளக்கைக் கொண்டுவர வேண்டும், மற்ற இருவரும் அவளைக் கேலி செய்ய வேண்டும்.

சத்தத்துக்கு ராக் பர்ஸ்ட் இருக்கிறது: ஆழத்துப் பாறை அழுத்தம் தாளாமல் வெடிக்க, மேலே வீடு அதிரும்.

மின்மினி:
ஆய்வுக்கூடத்தை விட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் புதையல். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை 1965-ல் உலகிலேயே முதலில் பதிவு செய்த இரண்டு இடங்களில் தங்கவயலும் ஒன்று, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில். அங்கே நியான் அடைத்த கண்ணாடிக் குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நியூட்ரினோ அபூர்வமாகப் பாறையில் மோதும்போது கிளம்பும் மின்னூட்டத் துகள் கடந்த கையோடு உயர் மின்னழுத்தத் துடிப்பு கொடுத்தால், அது போன வழியிலுள்ள குழாய்கள் மட்டும் பளிச்சிடும். அதைப் படம் பிடித்துக்கொள்வார்கள். மின்சாரம் இல்லாவிட்டால் ஒரு குழாயும் மின்னாது.

மேலே ஒரு பழைய ஸ்டோர் ரூமில் இரண்டு பெட்டிக் குழாய்கள் கிடக்கட்டும். ஒயரே இல்லாமல் ராத்திரி அவை மின்னினால்? உங்கள் பேய் அங்கேயே வந்துவிட்டது.

ஒன்று மட்டும் வேண்டாம்: நியூட்ரினோ பட்டு யாரும் உருமாறக் கூடாது. சூரியனிலிருந்து மட்டும் நொடிக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தைத் துளைத்துப் போகின்றன, ஒன்றும் ஆவதில்லை. தேனி பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்தைச் சுற்றி ஏற்கெனவே போதுமான பீதி இருக்கிறது.

ஓட்டைக்கூரை:
மின்மினி சொன்ன குழாயிலேயே உங்கள் நடுப்பகுதியும் இருக்கிறது. ஒளிக்கோடு கீழேயிருந்து சாய்வாக வருகிறது. இரண்டு பெட்டிகளையும் 400 மீட்டர் இடைவெளியில் வைத்து, கோணமானியும் தூக்குக்குண்டும் கொண்டு சாய்வை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு கோடும் செங்குத்திலிருந்து உள்நோக்கி 5 டிகிரி சாய்ந்தால் அவை சந்திக்கும் ஆழம் சுமார் 2,290 மீட்டர். பழைய ஆய்வுக்கூடம் இருந்த ஆழம்! அடுத்த இரவு 10 டிகிரி: 1,130 மீட்டர். அதற்கடுத்து 20 டிகிரி: 550. 45 டிகிரி என்றால் 200 மீட்டர்தான் பாக்கி. விளக்கம் சொல்லச் சொல்லப் பயம் ஏறும். ஏறி வருவது என்ன என்பதைக் கடைசி இரண்டு அத்தியாயம் வரை சொல்லாதீர்கள்.

கூழாங்கல்:
அட, இது தோன்றவே இல்லையே! பிள்ளைகள் தப்பாக அளந்தால்?

ஓட்டைக்கூரை:
அளக்கட்டும், நல்லதுதான். 5 டிகிரியில் ஒரு டிகிரி பிசகினால் ஆழம் 400 முதல் 600 மீட்டர் வரை மாறும். முதல் இரவு இருவர் அளந்ததும் ஒத்துப்போகாமல் சண்டை வரட்டும். மேலே வர வர அதே ஒரு டிகிரிப் பிசகு சில மீட்டர்தான், அப்போது சண்டை போட ஒன்றும் இருக்காது.

கருங்கல்:
இரண்டாவது பெட்டியை சயனைடு மலை மேல் மட்டும் வைக்காதீர்கள். பார்வைக்கு அருமையான இடம், ஆனால் சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் அது, காற்றடித்தால் தூள் பறக்கும். வைத்தே தீரவேண்டுமென்றால் மூக்கில் துணி கட்டி, மழை பெய்து ஓய்ந்த இரவாக எழுதுங்கள்.