பலாவிளை வீடு குழு: மியாவின் மாணிக்கமாலைச் சட்டை

சனிக்கிழமை

காலை 6:12
ராஜன்: தோவாளை பூச்சந்தையில் நிற்கிறேன். செலினே, சொல்லி வைத்த மாணிக்கமாலை கிடைத்துவிட்டது. ஒரு முழம். போதுமா?

6:14
செலின்: போதும் அண்ணா. வாழை இலையில் சுற்றி மேலே ஈரத்துணி போட்டுக் கொண்டு வாருங்கள். மடக்க வேண்டாம். மடிந்தால் பூவின் வரிசை கலைந்துவிடும், அப்புறம் எண்ண முடியாது.

6:31
அபின்: மாணிக்கமாலையா? யாருக்குக் கல்யாணம்?

6:33
செலின்: கல்யாணம் இல்லை மக்கா. உன் அக்கா மகள் மியாவுக்குச் சட்டை. அந்த மாலையில் இருக்கும் வேலையைப் பார்த்து நூலில் பின்னப் போகிறேன். ஜெனி அனுப்பிய ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுக் கம்பளி நூல் வந்து இரண்டு மாதம் ஆகிறது. சித்திரை வைகாசியில் அதைத் தொட முடியவில்லை, கை வியர்த்து நூல் ஊசியோடு ஒட்டுகிறது. இப்போது ஆனிச் சாரல் தொடங்கிவிட்டது, இதுதான் சமயம்.

6:40
லீலா: செலின், அந்த மாலைக்குப் போன வருஷம் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அதுதானே?

6:41
செலின்: அதேதான் மைனி, 2025-ல் கொடுத்தது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிற மாலை.

மாலை 4:46
செலின்: [படம்]
மத்தியானம் முழுக்க இதன் முன்னால்தான் இருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, இது மற்ற மாலை மாதிரி உருண்டை இல்லை, நாடா மாதிரித் தட்டை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நடுவில் பச்சைக்கு நொச்சி இலை. ஒவ்வொரு பூவையும் மடித்து மடித்துக் கட்டியிருக்கிறார்கள். கல் பதித்த மாதிரி நிற்கிறது. வெள்ளை அரளியின் ஓரம் இப்போதே பழுக்கத் தொடங்கிவிட்டது, ராத்திரிக்குள் வரைந்து முடிக்க வேண்டும்.

4:52
அபின்: கணக்கு நோட்டுக் கட்டத்தில் வரைந்தீர்களா மாமி?

4:55
செலின்: அதில்தான். ஆனால் கட்டம் சதுரம், பின்னலின் கண்ணி சதுரம் இல்லை. என் கைக்கு 10 சென்டிமீட்டரில் அகலத்துக்கு 28 கண்ணி, உயரத்துக்கு 32 வரிசை. அதனால் பூவுக்கு 12 கண்ணி என்றால் 14 வரிசை வைக்கிறேன். இல்லையென்றால் பூ அமுங்கிப் போகும். சட்டையின் சுற்றளவுக்கு 168 கண்ணி, அதில் 14 பூ.

5:20
அபின்: கலர் அடித்த தாளை போட்டோ எடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எங்கள் டிசைன் வகுப்பில் செய்வோம்.

5:34
செலின்: [படம்]
மக்கா, நீ சொன்னது எவ்வளவு பெரிய உதவி! சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வருகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் பூவே தெரியாமல் போயிருக்கும். அப்போது ஒவ்வொரு வரிசையிலும் வெள்ளை இருக்க வேண்டும். ஒன்று வெள்ளையும் சிவப்பும், இல்லையென்றால் வெள்ளையும் பச்சையும். சிவப்பும் பச்சையும் ஒரே வரிசையில் சேரவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை

மதியம் 12:25
ஜெனி: நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன். மாமி, ஒரு வரிசைக்கு இரண்டே நிறம் என்று நீங்கள் சொன்னதை எங்கள் வார்டில் ஷெட்லாண்ட்காரி ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் காட்டினேன். அங்கே ஃபேர் ஐல் என்ற தீவிலும் அதுதான் வழக்கமாம். தீவே 5 கிலோமீட்டர் நீளம்தானாம். அவளுடைய பாட்டி இடுப்பில் தோல் பட்டை கட்டி, அதில் ஓட்டை ஓட்டையாக இருக்குமாம், ஊசியின் முனையை அதில் குத்தி வைத்துக்கொண்டு நடந்துகொண்டே பின்னுவாளாம். உள்ளே குதிரை முடி அடைத்திருப்பார்களாம்.

12:31
செலின்: இதை அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். "லேஸ் திண்டை மடியில் வைத்து நாங்க இருந்த மாதிரி, அவங்க இடுப்பில வைச்சிருக்காங்க" என்கிறாள்.

12:33
ஜெனி: உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று அவள் கேட்கிறாள். கன்னியாகுமரியில் குளிரே கிடையாதே, பின்னல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

12:47
செலின்: அவளிடம் இதைச் சொல் மோளே. நம்ம ஊரில் முதலில் வந்தது கம்பளி இல்லை, லேஸ். 1820களிலேயே நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார், லண்டன் மிஷன் பள்ளியில். இங்கே முளகுமூட்டுக்கு 1897-ல் பெல்ஜியத்திலிருந்து அன்னை மேரி லூயிஸ் டி மீஸ்டர் வந்தார். அவர் தொடங்கிய கன்னியர் மடத்தில்தான் பாட்டி லேஸ் கற்றாள். லேஸ் விற்ற காசில்தான் அவளுடைய கம்மல் வந்தது. எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் பாட்டிதான். வெள்ளை நூலை விட்டு நிறத்துக்கு மாறினது மட்டும்தான் நான் செய்தது.

12:50
ஜெனி: கம்மல் கதையை அம்மா எனக்குச் சொன்னதே இல்லையே!

12:52
லீலா: அந்தக் கம்மல்தான் உன் கல்யாணத்தில் நீ போட்டிருந்தது.

புதன்கிழமை

இரவு 8:15
செலின்: எல்லாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 11 வரிசை பிரித்துவிட்டேன்.

8:16
லீலா: ஐயோ! என்ன ஆச்சு?

8:24
செலின்: நான் சிவப்பை இடது கையிலும் வெள்ளையை வலது கையிலும் பிடிக்கிறேன். இரண்டு நூலும் பின்னால் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடும். கீழே ஓடுகிற நூலின் கண்ணி ஒரு மயிரிழை பெரிதாக விழும், அதுதான் முன்னால் எடுப்பாகத் தெரியும். அதனால் பூவின் நிறம் எப்போதும் இடது கையில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது கை மாறிவிட்டது. 19-ஆம் வரிசையிலிருந்து வெள்ளை மேலே வந்துவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. இன்றைக்கு அம்மை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க பூ வாடியிருக்கு" என்றாள். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். உண்மைதான், கீழே இருக்கிற பூ நிமிர்ந்து நிற்கிறது, மேலே இருக்கிறது உள்ளே போய்விட்டது.

8:27
லீலா: இரண்டு வயசுப் பிள்ளைக்கு அது தெரியவா போகிறது? அப்படியே விட்டிருக்கலாமே.

8:33
செலின்: மியாவுக்குத் தெரியாது மைனி. ஆனால் தோவாளையில் ஒரு பூ கோணினால் மாலை கட்டுகிற ஆள் கட்டைப் பிரித்துத் திருப்பிக் கட்டுகிறார், அண்ணன் பார்த்திருக்கிறார். அவருடைய வேலையைப் பார்த்து வரைந்துவிட்டு நான் வாடின பூவை வைக்க மாட்டேன். ஏறக்குறைய 1900 கண்ணி. இரண்டு மழைச் சாயங்காலம்.

8:35
ராஜன்: பார்த்திருக்கிறேன். விற்கிற அவசரத்திலும் பிரித்தார்.

8:41
அபின்: பிரித்த நூல் சுருண்டு கிடக்குமே மாமி, அப்படியே பின்னலாமா?

8:44
செலின்: நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, திண்ணைக் கொடியில் தொங்க விட்டிருக்கிறேன். நேராகிவிடும். ஈரக் காற்று, நாளை சாயங்காலம் ஆகும் காய.

8:50
ஜெனி: மாமி, எனக்காகக் கஷ்டப்படாதீர்கள்.

8:52
செலின்: கஷ்டம் இல்லை மோளே. நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை

காலை 10:05
செலின்: உடம்பு முடிந்தது. முதல் கை கெட்டுப்போனது, 56 கண்ணியின் சிறிய சுற்றில் பின்னால் ஓடும் நூல் இறுகிச் சுருங்கிவிட்டது. ஜெனியின் ஷெட்லாண்ட்காரி சொன்ன வழியில் இரண்டாவது தடவை செய்தேன். வேலையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு பின்ன வேண்டும். அப்போது பின்பக்க நூல் வளையத்தின் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகிறது, தானாகவே தளர்வு கிடைக்கிறது. இவ்வளவு எளிய விஷயம். என்னுடைய நன்றியை அவளுக்குச் சொல் ஜெனி.

10:20
லீலா: நேற்று வந்தபோது பார்த்தேனே, குழாய் மாதிரி இருக்கிறதே செலின். முன்னால் திறப்பே இல்லை. பிள்ளைக்குத் தலை வழியாகவா மாட்டுவது?

10:23
செலின்: முன்பக்கம் கத்தரியால் வெட்டப் போகிறேன் மைனி. நாளை சாயங்காலம்.

10:23
லீலா: என்ன?

10:24
அபின்: மாமி!!!

10:25
ராஜன்: பின்னின துணியை வெட்டினால் பிரிந்து ஓடாதா?

10:38
செலின்: வெட்டுவதற்கென்றே முன்னால் 7 கண்ணி கூடுதலாகப் போட்டிருக்கிறேன். ஷெட்லாண்டில் இதற்கு ஸ்டீக் என்று பெயர். சுற்றிச் சுற்றியே பின்னிக்கொண்டு போனால் எப்போதும் நல்ல பக்கம் கண் முன்னால் இருக்கும், படம் பிசகாது. அதற்காகத்தான் முதலில் குழாயாகப் பின்னிவிட்டுப் பிறகு வெட்டுகிறார்கள். கண்ணி ஓடுவது மேலும் கீழும்தான் அண்ணா, பக்கவாட்டில் அப்படி ஓடாது. ஷெட்லாண்ட் கம்பளிக்குச் சுணை உண்டு, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். பருத்தி நூலில் இதைச் செய்யத் துணிய மாட்டேன். இரண்டு ஓரத்திலும் குரோஷா ஊசியால் ஒரு வரிசை கட்டிவிட்டுத்தான் வெட்டுவேன். மாதிரித் துண்டைத் துவைத்து, வெட்டி, இழுத்துப் பார்த்துவிட்டேன், நின்றது.

10:44
லீலா: மாதிரித் துண்டைத் துவைத்தது நல்லது. மியாவின் முதல் தொப்பி ஞாபகம் இருக்கிறதா?

10:46
செலின்: மறக்க முடியுமா மைனி. அது இங்கே ஒரு கடையில் வாங்கின சிவப்பு. ஒரே ஒரு முறை துவைத்தேன், வெள்ளை எல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. அன்றிலிருந்து மாதிரித் துண்டை நனைக்காமல் எந்தச் சிவப்பையும் வெள்ளை பக்கத்தில் விடுவதில்லை.

சனிக்கிழமை

மாலை 5:02
ராஜன்: நாங்கள் முளகுமூடு வந்துவிட்டோம். மழை கொட்டுகிறது. ஜெனி, முழித்திருக்கிறாயா? செலின் கத்தரி எடுத்துவிட்டாள்.

5:03
ஜெனி: இருக்கிறேன் அப்பா. மியாவும் மடியில்தான் இருக்கிறாள். ஷெட்லாண்ட்காரியும் கேட்டிருக்கிறாள், வெட்டினதும் படம் அனுப்பச் சொன்னாள்.

5:05
ராஜன்: மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருக்கிறாள். பாட்டியின் பழைய லேஸ் கத்தரி. உள்ளே ஒரு பழைய காலண்டர் அட்டையைச் செருகியிருக்கிறாள், பின்பக்கம் சேர்த்து வெட்டிவிடாமல் இருக்க.

5:07
ராஜன்: நடுக் கண்ணியில் வைத்துவிட்டாள்.

5:09
லீலா: நான் அடுப்படிக்குப் போய்விட்டேன், என்னால் பார்க்க முடியவில்லை. மரச்சீனி அவிக்கிறேன். முடிந்ததும் சொல்லுங்கள்.

5:14
ராஜன்: பாதி வந்துவிட்டது. ஒரு கண்ணிகூட ஓடவில்லை. வெட்டின ஓரம் சின்னச் சின்ன ஏணிப்படி மாதிரி நிற்கிறது.

5:19
ராஜன்: முடிந்தது! மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருந்த வீடு இப்போதுதான் மூச்சு விடுகிறது. லீலா, வா.

5:21
ராஜன்: [படம்]

5:22
ஜெனி: மாமி!! திறந்துவிட்டது! 14 பூவும் வரிசையாக நிற்கிறது! எனக்கு அழுகை வருகிறது.

5:30
செலின்: இப்போதுதான் போனை எடுத்தேன். வெட்டும்போது கை நடுங்கவே இல்லை, முடிந்தபிறகு நடுங்குகிறது. அம்மை சட்டையை வாங்கி முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே உள்பக்கத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு நூலாக விரல் விட்டுப் பார்த்தாள். 5 கண்ணிக்கு மேல் ஓடுகிற இடத்தில் எல்லாம் நடுவில் ஒரு முறை பிடித்திருக்கிறேனா என்று பார்த்தாள். பிள்ளையின் விரல் மாட்டக்கூடாதல்லவா. கடைசியில் "உள்ளயும் பூ மாதிரிதான் இருக்கு" என்றாள். அம்மை எனக்கு அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

5:33
லீலா: சட்டை கையில் இருக்கிறது. எவ்வளவு லேசாக இருக்கிறது! வாருங்கள், மரச்சீனியும் சாளைக் கறியும் ஆறுகிறது.

5:36
ஜெனி: ஆகஸ்டில் வரும்போது நானே எடுத்துக்கொள்கிறேன், தபாலில் போட வேண்டாம். பொத்தான் நான் இங்கே வாங்கட்டுமா?

5:38
செலின்: வாங்காதே. அபின், சிரட்டையில் பொத்தான் செய்து தருகிறேன் என்றாயே?

5:39
அபின்: செய்கிறேன் மாமி. நல்ல முற்றின சிரட்டை எடுத்து வைத்திருக்கிறேன். 6 போதுமா?

5:42
செலின்: 7 வேண்டும், 5 சென்டிமீட்டருக்கு ஒன்று. அகலம் 15 மில்லிமீட்டர். நடுவில் இரண்டு ஓட்டை. ஓட்டையின் உள்ளோரத்தையும் உப்புத்தாள் சுருட்டி நன்றாகத் தேய்த்துவிடு மக்கா, நூலை அறுக்கக் கூடாது.