ரெஸில்மேனியா 3 கேசட்: கலர் வரல, ஹோகன் ஆண்ட்ரேவைத் தூக்குற இடத்துல மட்டும் கோடு

கேசட்காரன்:
வணக்கம். கொலிசியம் வீடியோ வெளியிட்ட ரெஸில்மேனியா 3 மல்யுத்த நிகழ்ச்சியோட (1987 மார்ச் 29, மிச்சிகன், பான்டியாக் சில்வர்டோம்) அமெரிக்க விஎச்எஸ் கேசட்டை கணினிக்கு மாத்திட்டிருக்கேன். டெக் சாதாரண பிஏஎல் (நம்ம ஊர் டிவி முறை) மாடல், "பிஏஎல் டிவியில் என்டிஎஸ்சி" (அமெரிக்க டிவி முறை) ஓட்டும்னு முகப்பிலேயே எழுதியிருக்கு. மஞ்சள் வயர் வழியா யுஎஸ்பி டாங்கிள் (படத்தைக் கணினிக்குள்ள வாங்குற கருவி), மென்பொருள் விர்ச்சுவல்டப்.

பழைய டிவியில போட்டா கலரோட ஓடுது. டாங்கிள்ல என்டிஎஸ்சி வச்சா கருப்பு வெள்ளை, பிஏஎல் வச்சா படம் மேல கீழ உருளுது. அது போக, கடைசி மேட்ச்ல ஹல்க் ஹோகன், ராட்சச உருவம் ஆண்ட்ரே தி ஜெயன்டைத் தூக்கிப் போடுற இடத்துல சுமார் 10 விநாடிக்கு வெள்ளைக் கோடா அடிக்குது. ஹெட் (டேப்பைப் படிக்கிற முனை) போயிடுச்சா? கேசட் ஜன்னல் வழியா பார்த்தா டேப் சுருள் மேல வெள்ளையா பொடி மாதிரி கொஞ்சம் தெரியுது. மூணு தடவை ஓட்டிட்டேன்.

ஹெட்துடைப்பான்:
கலரெல்லாம் அப்புறம். முதல்ல கேசட்டை வெளிய எடுங்க. அந்தப் பொடி தூசி இல்ல, பூஞ்சை. ஓட்ட ஓட்ட அது டிரம் (ஹெட் பொருத்தின, சுழலுற உருளை), ரோலர் எல்லாத்துலயும் ஒட்டி, அடுத்து போடுற கேசட்டுக்கும் தொத்தும்.

முகக்கவசம் போட்டுக்கிட்டு, காத்தோட்டமான இடத்துல, டெக் இருக்கிற அறைக்கு வெளிய வச்சு செய்யுங்க. கேசட்டைக் கவிழ்த்தா அடியில 5 ஸ்குரு. கழட்டுறதுக்கு முன்னாடி டேப் போற பாதையை போன்ல படம் எடுத்து வச்சுக்கோங்க, குட்டி ஸ்பிரிங் ஒண்ணு தெறிச்சா மூட முடியாது. சுருளோட பக்கவாட்டுப் பூஞ்சையை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணியால துடைங்க. துணி ஈரமா இருந்தா போதும், சொட்டக் கூடாது. நல்லா உலர்ந்த பிறகு, உதவாத பழைய டெக் ஒண்ணுல ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டி, திரும்ப சுத்துங்க. நல்ல டெக்குல இந்த வேலை வேண்டாம்.

உங்க டெக்கையும் இப்போ துடைச்சாகணும். வெள்ளைக் காகிதம் அல்லது ஷாமாய் தோல்ல ஆல்கஹால் தொட்டு, டிரம் மேல அசையாம பிடிச்சுக்கிட்டு, டிரத்தை மட்டும் கையால சுத்துங்க. மேலும் கீழும் தேய்ச்சா ஹெட் முனை உடையும். காது குடையுற பஞ்சுக் குச்சி அறவே கூடாது.

கலர்பார்:
கருப்பு வெள்ளை விஷயத்துல டெக் மேலயும் டாங்கிள் மேலயும் தப்பு இல்ல. உங்க டெக் உண்மையான என்டிஎஸ்சி கொடுக்கல, பிஏஎல்-60 கொடுக்குது. வரி 525, நொடிக்கு 60 புலம் (ஒரு வரி விட்டு ஒரு வரி வர்ற பாதிப் படம்), ஆனா கலர் மட்டும் பிஏஎல் முறையில 4.43 மெகாஹெர்ட்ஸ்ல ஏறி வருது. டிவி அதை ஏத்துக்கும். டாங்கிள்ல என்டிஎஸ்சி போட்டா அது 3.58ல கலரைத் தேடும், கிடைக்காது, அதான் கருப்பு வெள்ளை. பிஏஎல் போட்டா 625 வரி, 50 புலத்தை எதிர்பார்க்கும், அதான் உருளல்.

விர்ச்சுவல்டப்ல வீடியோ மெனுவுக்குள்ள கேப்சர் ஃபில்டர் பட்டியல்ல பிஏஎல்-60 இருக்கான்னு பாருங்க. இருந்தா செலவில்லாம முடிஞ்சது. ஆனா பல டாங்கிள்ல அது இருக்காது. டெக் பின்னாடியோ மெனுவிலயோ "என்டிஎஸ்சி 3.58" தேர்வு இருந்தா அதைப் போடுங்க. ரெண்டும் இல்லன்னா உண்மையான என்டிஎஸ்சியும் கொடுக்கிற மல்டி சிஸ்டம் டெக்தான். வெளிச்சத்தையும் கலரையும் தனித்தனியா அனுப்புற எஸ்-வீடியோ துளை இருக்கிறதா பாருங்க. டேப்ல வெளிச்சமும் கலரும் தனித்தனியாத்தான் பதிவாகியிருக்கு, மஞ்சள் வயர்ல ரெண்டையும் கலந்து அனுப்பி மறுபடி பிரிக்கிறது வீண் வேலை.

ரிங்சைடு:
கோடு பத்தி ஒரு கேள்வி. அதே மேட்ச் ஆரம்பத்துல ஹோகன் ஒரு தடவை தூக்கப் பார்த்து, ஆண்ட்ரேவோட எடை தாங்காம சரிஞ்சு விழுவார். அந்த இடம் எப்படி இருக்கு?

கேசட்காரன்:
அது பளிச்னு இருக்குங்க. கடைசியில தூக்குறதுல தொடங்கி லெக் டிராப் (மேல விழுந்து காலால அடிக்கிறது), எண்ணிக்கை முடியுற வரைக்கும்தான் கோடு.

ரிங்சைடு:
அப்போ ஹெட் நல்லாத்தான் இருக்கு. ஹெட் அழுக்குன்னா கேசட் முழுக்கத் தெரியும், ஆண்ட்ரேவைத் தூக்குறப்ப மட்டும் வராது! இது டேப் தேய்மானம். முன்னாடி வச்சிருந்தவங்க அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, பாஸ் போட்டுப் பார்த்திருக்காங்க. என்டிஎஸ்சியில டிரம் நிமிஷத்துக்கு 1800 சுத்து, ரெண்டு ஹெட். பாஸ்ல டேப் நின்னாலும் டிரம் நிக்காது. நொடிக்கு 60 தடவை அதே இடத்தை உரசிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நிமிஷத்துல டெக் தானா பாஸை விட்டு வெளிய வர்றதே இதனாலதான். இந்த நிகழ்ச்சியோட வாடகைக் கேசட்ல இப்படித் தேயக்கூடிய இடம் இதுவும், இதுலயே வர்ற சேவேஜ் - ஸ்டீம்போட் மேட்ச் முடிவும்.

ஆண்ட்ரேவை யாரும் அதுக்கு முன்னாடி தூக்கினதே இல்லன்னு அந்த மேட்சை விளம்பரம் பண்ணினாங்க. இதே ஹோகன் 1980 ஆகஸ்டுல நியூயார்க் ஷே ஸ்டேடியத்துலயே தூக்கிப் போட்டிருக்கார். 93,173 பேர்ங்கிற கூட்டக் கணக்கும் அப்படித்தான், இன்னைக்கு வரை சண்டை ஓயல.

மூணு தடவை தனித்தனியா கேப்சர் பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் டிராக்கிங்கை (ஹெட்டை டேப் தடத்துல பொருத்துற அமைப்பு) ஒரு புள்ளி மாத்தி. மூணையும் பிரேம் பிசகாம வரிசைப்படுத்தி அவிசிந்த் மென்பொருள்ல மீடியன் (மூணுல நடு மதிப்பை எடுக்கிறது) போடுங்க. ஒரு ஓட்டத்துல மட்டும் வந்த கோடு மறையும். மூணுலயும் ஒரே இடத்துல வந்தா அங்க காந்தப் பூச்சே உரிஞ்சிருக்கு, அதை எந்த மென்பொருளும் மீட்காது.

கேசட்காரன்:
மல்டி சிஸ்டம் டெக் கிடைச்சது, எஸ்-வீடியோவும் இருக்கு. பூஞ்சை துடைச்சு ஓட்டினேன், கலர் வந்துடுச்சு. புதுத் தலைவலி: சத்தம் பின்தங்குது. ஆரம்பத்துல சரியா இருக்கு, பாதியில 5 விநாடி, கடைசி மேட்ச்ல 10 விநாடி. இன்னொண்ணு, ஆண்ட்ரேவோட கருப்பு உடை சாம்பலாத் தெரியுது.

கலர்பார்:
பிரேம் வேகம் 30னு போட்டிருப்பீங்க. என்டிஎஸ்சி 29.97. வித்தியாசம் 0.1 சதவீதம்தான், ஆனா 3 மணி நேரம்னா 10,800 விநாடி, அதுல 0.1 சதவீதம் 10.8 விநாடி. படம் வேகமா ஓடி முடிஞ்சிடும், சத்தம் பின்னாடி வரும். சீரா ஏறுற பிசகு வேகக் கணக்குத் தப்பு. திடீர்னு ஒரு இடத்துல குதிச்சா அது பிரேம் விடுபடுறது, அப்போ ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி ஹப் இதையெல்லாம் சந்தேகப்படணும். ஹப் வேண்டாம், நேரா சொருகுங்க.

பெரிசா ஏதாவது விடுபட்டதான்னு பார்க்க சேவேஜ் - ஸ்டீம்போட் மேட்சைத் தொடக்க மணி அடிக்கிறதுலேர்ந்து முடிவு மணி வரைக்கும் அளந்து பாருங்க. பதிவான நேரம் 14:35. ஒண்ணு ரெண்டு விநாடி கூடக் குறைய வந்தா பரவாயில்ல, பத்து விநாடி குறைஞ்சா கேப்சர் தப்பு.

ஆண்ட்ரே சாம்பல் ஆனதுக்குக் காரணம் அமெரிக்க என்டிஎஸ்சியில கருப்பு 0ல இல்ல, 7.5 ஐஆர்இ (வீடியோ வெளிச்சத்தோட அளவு) உயரத்துல உட்கார்ந்திருக்கும். கேப்சருக்கு முன்னாடியே பிரைட்னஸைக் குறைச்சு, ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவல் வரைபடம்) பார்த்து கருப்பை 0-255 அளவுல 16கிட்ட கொண்டு வாங்க. ரொம்ப இறக்கினா உடை மடிப்பெல்லாம் ஒரே கரித்துண்டாயிடும்.

ஹெட்துடைப்பான்:
கூடவே ரிங்கோட சிவப்புக் கயிறைப் பெரிசு பண்ணிப் பாருங்க. சிவப்பு கயிறு மேலயே உட்கார்ந்திருக்கா, கீழ வழிஞ்சிருக்கா? ஒவ்வொரு தடவை கேசட்லேர்ந்து கேசட்டுக்கு நகல் எடுக்கும்போதும் கலர் கீழ இறங்கிக்கிட்டே போகும். நாலஞ்சு வரி இறங்கியிருந்தா பெட்டி அசலா இருந்தாலும் உள்ள இருக்கிறது நகல்.

கேசட்காரன்:
ஒரு வரி போல இறங்கியிருக்கு, அவ்வளவுதான். 29.97 போட்டதும் சத்தம் ஒட்டிக்கிச்சு. ஆனா கணினியில வேகமான இடம் எல்லாம் முன்னயும் பின்னயும் துடிக்குது. ஸ்டீம்போட் ஆர்ம் டிராக் (கையைப் பிடிச்சு இழுத்து வீசுறது) போட்டா கை ரெண்டு இடத்துல தெரியுது.

கலர்பார்:
புல வரிசை தலைகீழ். இந்த மாதிரி டாங்கிள் பெரும்பாலும் மேல் புலம் முதல், டிஜிட்டல் கேம்கார்டரோட டிவி (DV) வடிவம் கீழ் புலம் முதல். அவிசிந்த்ல மேல் புலம் முதல்னு அறிவிச்சு, க்யூடிஜிஎம்சி (புலங்களை முழு பிரேமா மாத்துற ஸ்கிரிப்ட்) ஓட்டி 59.94 பிரேமா எடுங்க. 29.97ஆ சுருக்கினா பாதி அசைவு போயிடும், மல்யுத்தத்துக்கு அது கூடாது.

அசலை ஹஃப்யுவில (தரம் குறையாத சுருக்க முறை) 720x480ல வைங்க, மணிக்கு 30 ஜிபிக்கு மேல ஆகும், மொத்தம் 100 ஜிபி ஒதுக்குங்க. பார்க்கிறதுக்கு எச்.264, தரம் 17 அல்லது 18. படத்தோட அடியில 6 முதல் 8 வரி கலங்கலா இருக்கும், அது ஹெட் மாறுற இடம், கோளாறு இல்ல. வெட்டாம கருப்பா மூடிடுங்க.

கேசட்காரன்:
மூணு ஓட்டம் எடுத்து மீடியன் போட்டாச்சு. 10 விநாடியில பெரும்பாலான கோடு போயிடுச்சு. ஆண்ட்ரே தலைகீழா வர்ற அந்த ஒரு கணத்துல நாலு கோடு மட்டும் மூணு ஓட்டத்துலயும் அதே இடத்துல நிக்குது. பின்னாடி வந்த டிவிடியிலேர்ந்து அந்த 10 விநாடியை வெட்டி ஒட்டலாமா?

ரிங்சைடு:
ஒட்டாதீங்க. கலர், ஒலி ரெண்டும் டிவிடியில வேற மாதிரி இருக்கும், தையல் பளிச்னு தெரியும். அந்தக் கோடு விழுற பிரேமை மட்டும் பக்கத்து பிரேமை வச்சு நிரப்பிப் பாருங்க. ஆள் வேகமா அசையுற இடம்ங்கிறதால கொழகொழன்னு வரும். அப்படி வந்தா கோட்டையே விட்டுடுங்க.

ஹெட்துடைப்பான்:
கேசட்டை முழுசா ஒரு தடவை ஓட்டித் திரும்பச் சுத்தி, புத்தகம் மாதிரி நிமித்தி வைங்க. படுக்க வச்சா சுருள் ஒரு பக்கம் சரிஞ்சு ஓரம் மடங்கும். கீழ் ஓரத்துல கண்ட்ரோல் டிராக் (டேப் ஓட்டத்தை ஒழுங்கு பண்ற தடம்), மேல் ஓரத்துல ஒலி. கீழ் ஓரம் மடங்கினா டிராக்கிங் பிடிக்காம படம் முழுக்க அலையும். பெட்டிக்குள்ள சிலிகா ஜெல் பொட்டலம் ஒண்ணு போடுங்க.

கேசட்காரன்:
போட்டாச்சு. நாலு கோட்டையும் அப்படியே விட்டுட்டேன்.