உதவி: வவுனியாவிலிருந்து தலைமன்னார் திட்டுகளுக்கு ஆலா பார்க்க ஒருநாள் பயணம். படகு நேரம் சரிவருமா?

குளக்கரை (வவுனியா):
வணக்கம். ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பமாகத் தலைமன்னார் போக யோசிக்கிறம். மொத்தம் 11 பேர்: பெரியாக்கள் ஏழு, பிள்ளையள் மூண்டு, 68 வயசு அம்மா. முக்கிய நோக்கம், கடலுக்குள்ள இருக்கிற ஆதாம் பால மணல்திட்டுப் பக்கம் படகில போய் ஆலாக்கள் (கடற்பறவைகள்) கூடு வைக்கிறதைப் பார்க்கிறது. நான் போட்ட திட்டம் இது:

காலை 6.00 வவுனியாவில வெளிக்கிடுறது, 7.30 மடு, 10.00 மன்னார்க் கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், 12.30 பேசாலையில மதியச் சாப்பாடு, 2.00 மணிக்குப் படகு, 5.00க்குத் திரும்புறது.

படகு தாறன் எண்டு சொன்னவர் இப்ப "ரண்டு மணிக்கு ஏலாது" எண்டுறார். காசு கூட்டிக் கேக்கிறாரோ, உண்மையிலயே ஏலாதோ தெரியேல்ல. ஒரு படகில 11 பேரும் போகலாமோ? திகதி 14 அல்லது 15.

வாடைக்காத்து:
அவர் சொன்னது சரி. காசுக்கதை இல்லை. உங்கட திட்டத்தைத் தலைகீழாத் திருப்புங்கோ. படகு முதல், கோட்டையும் மரமும் பின்னேரம்.

காரணம் சோளகம். மே தொடங்கி செப்ரெம்பர் வரை தென்மேற்கிலயிருந்து அடிக்கிற காத்து. விடியக்காலையில கொஞ்சம் அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகிக் கடற்காத்தும் அதோட சேரும். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு கடல் முழுக்க வெள்ளை நுரை. ரண்டு மணி எண்டது ஒரு நாளில ஆக மோசமான நேரம். ஆலா கூடு வைக்கிறதும் இந்தச் சோளக மாதங்களிலதான். பறவை இருக்கிற நேரம் காத்து, காத்து இல்லாத நேரம் கூடு இல்லை. அதால உங்களுக்குக் கிடைக்கிறது விடிய 6 தொடங்கி 9 வரையான மூண்டு மணித்தியாலம் மட்டும்.

வவுனியாவிலிருந்து மன்னார் கிட்டத்தட்ட 80 கி.மீ., அங்கயிருந்து தலைமன்னார் இன்னும் 30 வரும். அதிகாலை 3 மணிக்கு வெளிக்கிட்டால் 6க்கு முதல் கரையில நிக்கலாம். சாரதியிட்டச் சொல்லி வையுங்கோ: மன்னார்த் தீவுக்குள்ள கழுதையள் இருட்டில நடுறோட்டில படுத்திருக்கும். வெளிச்சம் பட்டாலும் எழும்பாது. பாலம் தாண்டினாப் பிறகு 40க்கு மேல ஓட வேண்டாம். பிள்ளையளுக்கு மூண்டு மணி கஷ்டமெண்டால் முதல் நாள் இரவு மன்னாரில தங்குங்கோ.

திகதியும் பிழை. 15ஆம் திகதி மடுத் திருவிழா. அதுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூண்டு நாள் றோட்டில வாகன நெரிசல், மன்னாரில அறை எடுக்கிறதும் கஷ்டம். 20க்குப் பிறகு பாருங்கோ.

வெளிக்கிட முதல் நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர கடல் அறிவித்தலைப் பாருங்கோ. "புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை" எண்டு வாற வரிதான் உங்கடது. அதில காத்து மணிக்கு 50–60 கி.மீ. வரை கூடும் எண்டு இருந்தால் படகை அண்டைக்கே நிப்பாட்டுங்கோ. கரைக்குப் போய் நிண்டு ஓட்டியை நெருக்கிற வேலை வேண்டாம்.

பைபர் மெக்கானிக்:
11 பேர் ஒரு படகில போகவே கூடாது. அங்க ஓடுற பைபர் படகுகள் பெரும்பாலும் 18 தொடங்கி 23 அடி வரை. 18 அடிக்கு ஓட்டியும் உதவியாளும் தவிர நாலு பேர், 23 அடிக்கு ஆறு பேர். அதுக்கு மேல ஏத்தினால் படகின்ர விளிம்பு தண்ணியோட தாழும். ஒரு அலை உள்ளுக்க வந்தால் அடுத்த அலைக்கு இன்னும் தாழும். ரண்டு படகு எடுங்கோ, ரண்டும் ஒண்டையொண்டு பார்க்கிற தூரத்தில ஓடட்டும். ஒண்டு நிண்டால் மற்றது இழுத்து வரும். எனக்கு இதுதான் முதல் காரணம், ஆள் கணக்கு இரண்டாவது.

பறவை பார்க்கப் போற படகில எஞ்சின் ஏன் நிக்குது எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. மீன்பிடிக்காரர் ஒரே வேகத்தில போய் ஒரே வேகத்தில வருவினம். நீங்கள் போனால் "மெதுவா, மெதுவா, நிப்பாட்டுங்கோ" எண்டுவீங்கள். மண்ணெண்ணெயில ஓடுற எஞ்சின் மெதுவா ஓடினால் எரிபொருள் முழுக்க எரியாது, பிளக்கில கரி பிடிக்கும். மண்ணெண்ணெயோடயே நிப்பாட்டினால் கார்பரேற்றருக்குள்ள மண்ணெண்ணெய்தான் நிக்கும், கயிறு எத்தினை தரம் இழுத்தாலும் திரும்பப் பத்தாது. அதால ஓட்டியிட்ட முதலே சொல்லுங்கோ: பெற்றோலில ஸ்ராட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி, திட்டுக்குக் கிட்டப் போக முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாத்தி ரண்டு நிமிசம் ஓடவிட்டுத்தான் நிப்பாட்ட வேணும். அதுக்கு வழமையை விடக் கூடப் பெற்றோல் வேணும், ஒரு 5 லீற்றர் கான் தனியா. அந்தக் காசை நீங்களே குடுங்கோ.

ஏற முதல் கண்ணால பார்க்க வேண்டியவை:
- புதுப் பிளக் ரண்டு, பிளக் சாவி, மேலதிக ஸ்ராட்டர் கயிறு.
- எரிபொருளில மூண்டில ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. 25 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில மணிக்கு 10 லீற்றருக்குக் கிட்டக் குடிக்கும்.
- நங்கூரமும் கயிறும். ஆழம் 3 மீற்றர் எண்டாலும் கயிறு 15 மீற்றருக்குக் குறையக் கூடாது. கட்டையா விட்டால் நங்கூரம் மணலில பிடிக்காமல் இழுபடும்.
- தண்ணி இறைக்க வாளி, துடுப்பு ரண்டு.

திட்டுகளைச் சுத்தி ஆழம் ஒரே மாதிரி இல்லை, மணலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்குப் பின்னால ஊசிபோலப் பீச்சுகிற தண்ணியில ஒராள் கண் வைச்சிருங்கோ. அது நிண்டால் குளிராக்கிற தண்ணி போற வழியில மணலோ கடற்புல்லோ அடைச்சிட்டுது. உடன எஞ்சினை நிப்பாட்டித் தூக்கி வாயைத் துப்பரவாக்க வேணும். "கரைக்குப் போய்ப் பாப்பம்" எண்டு ஓடினால் எஞ்சின் சூடாகிப் பிஸ்ரன் இறுகிப்போம்.

ஆலாக்கூடு:
படகு, காத்து எல்லாம் மேல சொல்லியாச்சு. அனுமதியும் பறவையும் என்ர பங்கு.

அந்தத் திட்டுகள் 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, வனசீவராசிகள் திணைக்களத்தின்ர பொறுப்பு. இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு கிட்ட இருக்கிறதால கடற்படையும் பார்க்கும். குறைஞ்சது ஒரு கிழமைக்கு முதல் திணைக்கள அலுவலகத்தோட கதைச்சு, எந்தப் படகில போகலாம், எதுவரை போகலாம் எண்டு கேளுங்கோ. எல்லாருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம் எழுதி மூண்டு பிரதி வைச்சிருங்கோ. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள ஆக்கள் வந்தால் அதை முதலே சொல்ல வேணும். அனுமதி இல்லாமல் "நான் கொண்டுபோய் விடுறன்" எண்டு வாற படகில ஏற வேண்டாம். பிடிபட்டால் படகும் எஞ்சினும் போறது அந்த ஏழைத் தொழிலாளிக்குத்தான்.

இப்ப இதைத் தயவுசெய்து கவனமா வாசியுங்கோ. கூடு வைக்கிற மாதத்தில திட்டில இறங்காதேங்கோ. ஆலா கூடு கட்டுறதில்லை. வெறும் மணலில நெஞ்சால அழுத்தின ஒரு குழி, அதுக்குள்ள ஒண்டு அல்லது ரண்டு முட்டை. மணல் நிறம், அதில கபிலப் புள்ளி. காலுக்குக் கீழ இருந்தாலும் தெரியாது. மிதிக்காட்டியும் ஆபத்துத்தான். தாய் எழும்பினால் முட்டை நேரே வெயிலில, சுடுமணலில கிடக்கும். வெயில் ஏறினாப் பிறகு கொஞ்ச நேரம் போதும், உள்ளுக்க இருக்கிற குஞ்சு செத்துப்போம். காகம் வந்தால் அதுவும் தேவையில்லை. ஒரு வருசத்துக்கான குஞ்சு ஒரு குடும்பத்தின்ர அரைமணி நேரப் படம் எடுப்பில போயிடும்.

படகில இருந்தே நல்லாத் தெரியும். சோளகத்தில திட்டின்ர வடக்குப் பக்கம் மறைவு, தண்ணி அடங்கியிருக்கும். அந்தப் பக்கத்தால 100 மீற்றர் தூரத்தில எஞ்சினை நிப்பாட்டி நங்கூரம் போடுங்கோ. ஒண்டு ரண்டு பறவை பறந்து வந்து பார்த்தால் பரவாயில்லை. கூட்டம் முழுக்க ஒரேயடியா எழும்பிக் கத்தினால் நீங்கள் கிட்டப் போயிட்டீங்கள், பின்னால எடுங்கோ.

என்ன தெரியும் எண்டால்: பெரிய உடம்பு, மஞ்சள் சொண்டு, சிலிர்த்த கறுப்புக் கொண்டை எண்டால் பெரிய கொண்டை ஆலா. அதே மாதிரி, கொஞ்சம் சின்னன், சொண்டு செம்மஞ்சள் எண்டால் சின்னக் கொண்டை ஆலா. முதுகு கருமையா இருக்கிறதில ரண்டு வகை குழப்பும். நெத்தி வெள்ளை கண்ணைத் தாண்டிப் பின்னுக்குப் புருவம் போலப் போய், முதுகு சாம்பல் கலந்த கபிலமா இருந்தால் பிரைடில்ட் ஆலா. வெள்ளை கண்ணோட நிண்டு, முதுகு கரிபோல இருந்தால் சூட்டி ஆலா. முழு உடம்பும் கபிலம், உச்சி மட்டும் வெளிறினது எண்டால் நொடி (noddy) எண்ட ஆலா வகை. ஆகச் சின்னன், மஞ்சள் சொண்டில கறுப்பு நுனி எண்டால் சின்ன ஆலா அல்லது சாண்டர்ஸ் ஆலா. இந்த ரண்டையும் ஆடுற படகில பிரிச்சுச் சொல்லக் கஷ்டம், குறிப்பில ரண்டையும் சேர்த்து எழுதுங்கோ.

தொலைநோக்கி 8x42 போதும். 10 மடங்கு படகில ஆடி ஒண்டும் பார்க்க விடாது. முக்காலியில வைக்கிற ஸ்கோப்பை வாகனத்திலயே விடுங்கோ.

குளக்கரை (வவுனியா):
எல்லாருக்கும் நன்றி. 22ஆம் திகதிக்கு மாத்தியாச்சு, முதல் நாள் மன்னாரில தங்கிறம். அம்மாவுக்குப் பிரஷர் குளிசை இருக்கு. பிள்ளையள் வாகனத்திலயே சத்தி எடுக்கிற ஆக்கள். என்ன செய்யலாம்? அண்டைக்குக் காத்துக் கூடிப் படகு நிண்டால் வேற எங்க போறது?

மருந்துக்கடை அக்கா:
அம்மாவைப் படகில ஏத்தாதேங்கோ தம்பி. கரையில இருந்து படகுக்கு ஏற இடுப்பளவு தண்ணியில நடக்க வேண்டி வரலாம், அலை அடிக்கேக்க பலகையில முதுகு இடிபடும். தலைமன்னார் பியர் (இறங்குதுறை) பக்கம் ஒராள் துணைக்கு நிண்டு, நிழலில இருக்கட்டும். அங்கயிருந்தே கொண்டை ஆலாக்கள் மீனுக்குப் பாயிறதைப் பார்க்கலாம்.

சத்திக்குக் குளிசை படகில ஏறினாப் பிறகு குடுத்துப் பிரயோசனம் இல்லை. சினரிசின் மாதிரியானவை ஏற ரண்டு மணித்தியாலம் முதல் குடுக்க வேணும், நித்திரை வரப்பண்ணும், பிள்ளையின்ர வயசுக்கும் நிறைக்கும் அளவு மாறும். டொக்டரிட்ட அல்லது பாமசியில கேட்டு எடுங்கோ. வெறும் வயித்தோட ஏத்தாதேங்கோ, ரண்டு பிஸ்கற், ஒரு துண்டு பாண் போதும். படகின்ர நடுவுக்குச் சற்றுப் பின்னால இருத்துங்கோ, அங்கதான் ஆட்டம் குறைவு. ஆகக் கடைசிக்குப் போனால் மண்ணெண்ணெய்ப் புகை பிரட்டும்.

லைவ் ஜக்கெற் கண்டிப்பு. பிள்ளைக்குப் போட்டுக் கட்டினாப் பிறகு தோள்பட்டைப் பக்கம் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்கோ. ஜக்கெற் காதுவரை ஏறினால் அது பெரிசு, தண்ணியில கழண்டுபோம். பெரியாக்களின்ர ஜக்கெற்றை இறுக்கிக் கட்டிச் சமாளிக்க ஏலாது. படகுக்காரரிட்டச் சின்ன அளவு இல்லாட்டி வவுனியாவிலயே தேடி எடுங்கோ. படகில மலசலகூடம் இல்லை எண்டதையும் பிள்ளையளுக்கு முதலே சொல்லி வையுங்கோ. அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990.

வாடைக்காத்து:
படகு நிண்டால்: பேசாலைக் கரைக்குப் போங்கோ. தீவின்ர வடக்குப் பக்கம், சோளகத்தில மறைவு. படகுகள் மீன் இறக்கிற காலை நேரத்தில ஆலாக்கள் தலைக்கு மேலயே சுத்தும். சாப்பாட்டுக்கு முதல் நாள் பின்னேரமே ஆள் கணக்குச் சொல்லி வையுங்கோ, 11 பேருக்குத் திடீரெண்டு மீன் சாப்பாடு கிடைக்காது.

வங்காலைக்குப் போய் ஏமாறாதேங்கோ. 2008இல் சரணாலயமாகி 2010இல் ராம்சார் பட்டியலில (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின்ர பட்டியல்) சேர்ந்த அருமையான இடம்தான், ஆனால் ஓகஸ்டில தண்ணி வத்திக் காய்ஞ்சு கிடக்கும். பூநாரை, ஊசிவால் வாத்து, மூக்கன் உள்ளான் எல்லாம் மாரி பெய்து நவம்பர் தொடங்கி மார்ச் வரைதான். அதுக்குப் படகே தேவையில்லை, மன்னார்ப் பாலத்து றோட்டோரம் வாகனத்தை நிப்பாட்டியே பார்க்கலாம். உங்களுக்குக் கடல் அடங்கியிருக்கிறதுதான் முக்கியமெண்டால் அடுத்த முறை மார்ச் நடுப்பகுதியைப் பிடியுங்கோ. வடகிழக்கிலயிருந்து அடிக்கிற வாடை விட்டிருக்கும், சோளகம் தொடங்கியிராது, பெரிய கருந்தலைக் கடற்காகங்கள் இன்னும் போயிருக்காது. கூடு மட்டும் இருக்காது.

குளக்கரை (வவுனியா):
கடைசியா ஒண்டு. மச்சான் ட்ரோன் கொண்டு வாறாராம், மேலயிருந்து கூட்டத்தை எடுக்க. பிரச்சினை வருமோ?

ஆலாக்கூடு:
வீட்டில வைச்சிட்டு வரச் சொல்லுங்கோ. தேசிய பூங்கா, எல்லைக்கோட்டுக்குப் பக்கம், கடற்படை பார்க்கிற இடம். அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் ட்ரோனும் போம், உங்கட பயணமும் அங்கயே முடியும். அதை விட, ஆலாக்கள் அதைப் பருந்தாத்தான் நினைக்கும், முழுக் கூட்டமும் முட்டையை விட்டிட்டு எழும்பும்.

கமரா கொண்டு வரட்டும். ஷட்டர் வேகத்தை 1/2000 செக்கனுக்கு வையுங்கோ, லென்சை படகில கழட்டி மாத்த வேண்டாம், உப்புத்தூவல் உள்ளுக்க போகும். கரைக்கு வந்த உடன நன்னீரில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடையுங்கோ. காய்ஞ்ச துணியால தேய்ச்சால் உப்புப் பளிங்கு கண்ணாடியைக் கீறும். ஃபோனில ரோமிங்கை நிப்பாட்டி வையுங்கோ, அந்த முனையில இந்திய சிக்னல் பிடிச்சுக் காசு வெட்டும்.