ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பவர் சப்ளை மட்டும் ‘டிக் டிக்’ என்கிறது

அங் மோ கியோ உறுப்பினர்:
வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பொய்க்கூரைக்குள் எல்இடி பட்டைக்காக வைக்கும் 12 வோல்ட் சப்ளைகள் காற்றோட்டமில்லாமல் வெந்தே போகின்றன. ‘டிக் டிக்’ சத்தம் வந்து, வெளியீட்டு வோல்ட் துள்ளித் துள்ளி விழுந்தால் முதலில் மெயின்ஸ் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரிடம் போகாதீர்கள். சப்ளையைக் கட்டுப்படுத்தும் யூசி3842 ஐசி உள்ள போர்டானால் அதன் 7ஆம் காலில் இருக்கும் சின்ன கெப்பாசிட்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். ஸ்டார்ட் ரெசிஸ்டர் வழியாக அது 16 வோல்ட் வரை நிரம்பியதும் ஐசி எழுந்து, அதிலிருந்தே மின்சாரம் எடுத்து மாஸ்ஃபெட்டை (வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) ஓட்டும். கெப்பாசிட்டர் காய்ந்திருந்தால் ஐசிக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மரின் துணைச்சுருள் கைகொடுப்பதற்குள் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி ஐசி அணைந்துவிடும். மறுபடி நிரம்பும், மறுபடி விழும். மீட்டரில் கொள்ளளவு சரியாகத் தெரிந்தாலும் நம்பவேண்டாம், ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) ஏறியிருக்கலாம். 105 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் வகையே போடுங்கள். சிம் லிம் டவரில் கிடைக்கும்.

ஈசூன் உறுப்பினர்:
கை வைப்பதற்கு முன் ஒன்று. நம் 230 வோல்ட் ஏசி, அதை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜைத் தாண்டினால் சுமார் 325 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது நிற்கும். அங்கே அடிபட்டால் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) காப்பாற்றாது. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல் 2 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி வைத்து, மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

ஜூரோங் உறுப்பினர்:
12 வோல்ட் பக்கத்தில் டிசியாக்கும் வெளியீட்டு ஷாட்கி டயோடு ஷார்ட் ஆனாலும் இதே ‘டிக்’தான் வரும், அதையும் முதலிலேயே சோதியுங்கள்.
ஃபியூஸ் கறுத்து வெடித்திருந்தால் கதை வேறு. மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றினால் சுவிட்ச் போட்ட நொடியில் புதியதும் போகும். மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலிலுள்ள ஓர் ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டர், அதன் கேட் காலிலுள்ள ரெசிஸ்டர், ஐசி எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றவேண்டும். பிறகு 60 வாட் இழை பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுங்கள் (எல்இடி பல்பு இதற்கு உதவாது). ஒருமுறை மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது.
தொடரில் போட்ட பல்பை எடுத்த பிறகு, வெளியீட்டில் சுமை ஏற்றிப் பார்க்க 12 வோல்ட், 21 வாட் கார் பல்புகள் நல்லவை, ஒவ்வொன்றும் சுமார் 1.75 ஆம்ப் இழுக்கும். ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். குளிர்ந்த இழை முதலில் பல மடங்கு இழுப்பதால், மூன்றை ஒன்றாக மாட்டினால் நல்ல சப்ளையும் பாதுகாப்புக்குப் போய் ‘டிக்’ அடிக்கும்.